எழும்பூர் முதல் ஒரு பரண் வரை: ஆறு நாள் ஆவணப் பயணம்

முதல் நாள், திங்கள். எழும்பூர்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் நிற்கிறது அந்தச் செங்கல் கட்டடம். 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கியது. இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1670களில் தொடங்கும் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) பதிவுகள், கொச்சியிலிருந்து வந்த டச்சுக் காகிதங்கள், டேனிஷ் ஆவணங்களில் ஒரு பகுதி, மாவட்டங்களிலிருந்து வந்த கனத்த தொகுதிகள் எல்லாம் இங்கேதான்.

இந்த ஆறு நாளும் ஒரே கேள்வியோடுதான் போகிறோம். ஒரு கிராமத்தின் இருநூறு வருஷத்துக் காகிதம் இன்றைக்கு எங்கெங்கே கிடக்கும்? கிடைத்தால் அதை எப்படித் தொடுவது?

கிராமத்தில் கணக்குப்பிள்ளை எழுதினார். அதன் சாரம் தாலுகா கச்சேரிக்குப் போனது; அங்கிருந்து கலெக்டருக்கு; அதற்கு மேல் 1786இல் அமைந்த ரெவின்யூ போர்டுக்கு; தகராறு பெரிதென்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த அரசுக்கு. ஏறிய படிகளில் எல்லாம் ஏதோ ஒரு பிரதி தங்கிப்போனது. ஊரில் செல்லரித்துப்போன கணக்கின் சாரம் எழும்பூரில் பிழைத்திருப்பது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சங்கிலியின் மேல் முனையும் கீழ் முனையும் ஒரே வருஷத்தில் கழன்றன. 1980இல் பரம்பரைக் கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவியும் ஒழிந்தது, ரெவின்யூ போர்டும் ஒழிந்தது.

தேடப் போகிறவர்கள் கையில் அடையாள அட்டை, எதற்காகப் பார்க்கிறோம் என்று சொல்லும் கடிதம் (மாணவர் என்றால் நெறியாளர் கையெழுத்தோடு), பென்சில் மூன்றும் இருக்கட்டும். பேனாவை வாசலிலேயே பையில் போட்டுவிடலாம். ஒரு துளி மை கசிந்தால் அதைத் துடைக்க வழியே கிடையாது.

ஊர்ப் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆவணங்கள் ஊர்வாரியாக அடுக்கப்படவில்லை; எந்த அலுவலகம் எழுதியதோ அந்த அலுவலக வாரியாக, ஆண்டு வாரியாக இருக்கின்றன. ஆகவே முதலில் அந்த ஆண்டில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, மயிலாடுதுறை 2020இல். இரண்டுக்கும் பழைய காகிதம் தஞ்சாவூர் தலைப்பில்தான். அடுத்து அந்த ஆண்டின் பொருளடைவு (இன்டெக்ஸ்) தொகுதி. அதில் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி இருக்கும்: டாஞ்சூர், டிரிச்சினாப்பள்ளி, டிராங்குபார். சிற்றூர்ப் பெயர்கள் இன்னும் மோசம். ஒரே ஊருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அரசாணையைக் கேட்கும்போது எண் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். எண், தேதி, துறை மூன்றும் சேர்ந்தால்தான் தாள் கைக்கு வரும். ஓர் ஆணை கிடைத்துவிட்டால் அதன் தலைப்பகுதியைத் தாண்டி ஓடாதீர்கள். இதற்கு முன் படிக்கப்பட்ட கடிதங்கள் என்று அங்கே ஒரு வரிசை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், மூன்றாவது நான்காவது தாவலில் கலெக்டர் கடிதமும், அதற்கு அடியில் ஊர்க்காரர்கள் போட்ட மனுவின் மொழிபெயர்ப்பும் வந்து நிற்கும்.

ஆண்டுக் குழப்பம் தனி. வருவாய்க் கணக்கெல்லாம் பசலி என்ற வரி ஆண்டில். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1250 என்றால் 1840 ஜூலை முதல் 1841 ஜூன் வரை. 1841 மே மாதத்து வெள்ளச் சேதத்தைப் பசலி 1251இல் தேடினால் கிடைக்காது.

எழும்பூரில் ஆய்வாளர்களோடு கோயில் நில வழக்குக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பது இனாம் பதிவேடு. 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் ஊர் ஊராக மானிய நிலங்களை விசாரித்து எழுதியது: யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு, இப்போது யார் அனுபவம், கமிஷனரின் முடிவு என்ன. தேவதாயம் (கோயிலுக்கு), பிரம்மதாயம் (பிராமணர்களுக்கு), ஊழிய மானியம் (ஊர்ப்பணி செய்வோருக்கு) என்று வகை பிரித்திருக்கும். லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் இதற்குத் தனி மதிப்பு கொடுத்துவருகின்றன. ஒரு எச்சரிக்கை: இதில் உள்ள நில எண் இன்றைய சர்வே எண் அல்ல. பழைய எண், செட்டில்மென்ட் சர்வே எண், பிறகு வந்த உட்பிரிவு என்று குறைந்தது இரண்டு மாற்றமாவது நடந்திருக்கும். பழைய எண்ணையும் புது எண்ணையும் பொருத்திக் காட்டும் பதிவேட்டையும் தாலுகாவில் கேட்டு வாங்காவிட்டால், நகல் கையில் இருந்தும் நிலம் எதுவென்று தெரியாது.

பக்கம் புரட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை தானாக வாய்க்குப் போகும். பருத்தி உறை வேண்டாம். உறைக்குள் விரலுக்கு உணர்வு இல்லை, நொறுங்கும் தாளின் ஓரம் நூலில் மாட்டிக்கொண்டு உடையும். கழுவி ஈரம் போகத் துடைத்த வெறுங்கைதான் சரி. உறை புகைப்படங்களுக்கு மட்டும். மொடமொடத்த பக்கத்தை மூலையைப் பிடித்துத் தூக்காமல், கெட்டியான பாலியெஸ்டர் தாள் ஒன்றை அடியில் செருகி, அதன்மேல் தாங்கித் திருப்ப வேண்டும்.

சில தொகுதிகளில் பக்கத்தின் இருபுறமும் மெல்லிய வலைத்துணி ஒட்டியிருக்கும். அது சிஃபான் பட்டு. எழுத்து தெரியும்படி தாளுக்கு வலுக்கொடுக்கப் பல காலமாக இந்திய ஆவணக் காப்பகங்கள் செய்த வேலை. பட்டு சில பத்தாண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது பசையைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். அசிடேட் படலம் வைத்து ஒட்டியவை வேறு கதை. அவை கெடத் தொடங்கினால் புளிக்காடி வாசனை வரும், உள்ளே இருக்கும் தாளும் சேர்ந்து கெடும். கடைத்தெருவில் லாமினேஷன் போடுவது அதைவிடக் கேடு: சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடிவதே அரிது.

இரண்டாம் நாள், செவ்வாய். புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் மூன்றரை மணி நேரம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆவண விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1776இல் வந்த அரச ஆணைப்படி, குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கும் நோட்டரிப் பத்திரங்களுக்கும் கூடுதல் பிரதி எழுதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். கப்பல் கவிழலாம், கரையான் அரிக்கலாம், போர் வரலாம் என்று கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு. புதுச்சேரியில் கிழிந்துபோன பக்கம் இன்று பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள காப்பகத்தில் முழுசாக இருக்க வாய்ப்புண்டு. எனவே புதுச்சேரிக் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இரண்டு இடத்திலும் பார்க்காமல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டோடு பழைய பெயர் நின்றுவிடும். ஆள் மறைந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும், பெயர்தான் மாறியிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்ததும் பிரதியின் புண்ணியம்தான். மூலத்தின் பகுதிகள் தொலைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த படிகள்தான் பல இடங்களில் கைகொடுத்தன. சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டபோது பின்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர், நேற்றுப் பார்த்த எழும்பூர் அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த ஹென்றி டாட்வெல்.

கடலோரத்தில் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைக்கட்டுகள். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு இந்த நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய், வீடுகளில் கிடந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகள், நில ஆவணங்கள், வழக்குக் காகிதங்களைப் படமெடுத்தார்கள். மூலத்தைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. படமெடுத்துவிட்டு வீட்டுக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். இதுதான் சரியான முறை என்று நினைக்கிறோம். காப்பகத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டால் பாதி வீட்டில் கதவு சாத்தப்படும்.

ஓலை படமெடுப்பதில் தவறுவது பெரும்பாலும் வெளிச்சம். மை பூசாத ஓலையில் எழுத்து என்பது வெறும் கீறல். நேர் மேலே விளக்கு வைத்தால் கீறல் மறைந்துவிடும். ஒரு பக்கமிருந்து தாழ்வாக, ஏறக்குறைய ஓலையோடு ஓலையாக ஒளி விழவேண்டும். மை பூசிய ஓலைக்கு இரண்டு பக்கமும் 45 பாகையில் இரண்டு விளக்கு. அடியில் மங்கலான சாம்பல் நிறத் துணி, ஓரத்தில் அளவுகோல், நிற அட்டை. ஒரு படத்தில் மூன்று ஓலைக்கு மேல் வைக்க வேண்டாம். 100 ஓலைக் கட்டுக்கு முன்னும் பின்னுமாக 68 படம். 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்காத டிஃப் கோப்பு ஒன்று 72 எம்.பி. வரும், ஆக ஒரு கட்டுக்கு ஏறக்குறைய 5 ஜி.பி. வன்தட்டு வாங்கும்போது இதை இரண்டு பிரதிக்கும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், புதன். தரங்கம்பாடி

சிதம்பரம், சீர்காழி வழியாக வந்து சேர்வதற்குள் உச்சிவேளை. கோட்டை 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இங்கே பார்க்க இடம் உண்டு, படிக்கக் காகிதம் குறைவு. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் ஓலை வடிவத்திலேயே தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. மதபோதகர் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில். தரங்கம்பாடித் தெருவில் யார் குடியிருந்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பதற்கு, எழும்பூரில் உள்ள பகுதி போக, மிச்சத்துக்கு டென்மார்க்குக்குத்தான் எழுத வேண்டும்.

கடலோர ஊரில் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உப்புக்காற்றில் முதலில் கெடுவது குண்டூசியும் ஸ்டேப்ளரும். துரு தாளில் ஒட்டிக்கொண்ட பிறகு இழுத்தால் ஓட்டை விழும். ஊசிக்கும் தாளுக்கும் இடையில் இருபுறமும் பாலியெஸ்டர் துண்டு செருகி, முனையை நிமிர்த்தி, மெதுவாக நழுவவிட வேண்டும். பிறகு கட்ட வெள்ளைப் பருத்தி நாடாவே போதும். சிவப்பு நாடா நனைந்தால் சாயம் விடும்.

2004 சுனாமி இந்தக் கரையைத்தான் அடித்தது. கடல்நீரோ வெள்ளமோ புகுந்த ஆவணத்துக்குக் கெடு 48 மணி நேரம். அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் விரிக்காதீர்கள், தாள் நெளிந்து மை பரவும். நனைந்த புத்தகத்தை வலிந்து திறக்கவும் கூடாது. கொஞ்சம்தான் நனைந்தது என்றால் இடையிடையே உறிஞ்சு தாள் வைத்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் அறைக்குள் சுழலும்படி வைக்க வேண்டும். நிறைய இருந்தால் பாலித்தீன் பையில் சுற்றி மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் உறையவைத்துவிடலாம். உறைந்ததை வாரக்கணக்கில் நிதானமாகக் கையாளலாம். கடற்கரையில் அந்த வசதிக்குக் குறைவில்லை.

நான்காம் நாள், வியாழன். தஞ்சாவூர்

அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகத்தில் கூட்டம் முழுக்க அருங்காட்சியகப் பக்கம். மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) சேர்த்த நூல்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவ்வளவாகப் பேசப்படாதவை மராட்டிய ராஜ்யத்து அலுவலகக் கட்டுகள். மோடி எழுத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகள். அரண்மனைச் சமையலுக்கு வாங்கிய சாமான், சத்திரத்துச் செலவு, ஆட்டக்காரர் சம்பளம், மருந்து வாங்கிய கணக்கு என்று தஞ்சை வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது.

மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதக் கண்ட முறை. எழுதுகிறவர் முதலில் தாளின் குறுக்கே தலைக்கோட்டை முழு நீளத்துக்கும் இழுத்துவிடுவார். பிறகு அந்தக் கோட்டிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிட்டு, பேனாவை எடுக்காமல் ஓடுவார். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. குறில் நெடில் வேறுபாடும் ஒழுங்காகக் காட்டப்படாது. அதோடு தஞ்சை மோடியில் தமிழ்ப் பெயரும் தமிழ்ச் சரக்கும் மராத்தி வேடத்தில் வரும். மோடி படிக்கத் தெரிந்த புனே ஆள் இங்கே தடுமாறுவார். மராத்தி தெரியாத தஞ்சைக்காரரும் தடுமாறுவார். இரண்டும் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கம் மொத்தத்தில் ஒரு கைப்பிடி.

தேதி வாசிப்பதுதான் இங்கே முதல் தேர்வு. மராட்டிய அலுவலகம் சுகூர் என்ற ஆண்டைப் போடும், அதையும் எண்ணால் எழுதாமல் அரபுச் சொல்லால் எழுதும், அதுவும் ஒற்றை இலக்கத்திலிருந்து. ‘ஸமான் திஸைன் மயா வ அலஃப்’ என்றால் எட்டு, தொண்ணூறு, நூறு, ஆயிரம், அதாவது 1198. அதோடு 599ஐக் கூட்டினால் 1797; ஆண்டு தொடங்குவது மே, ஜூன் வாக்கில் என்பதால் 1797-98. சுகூரைப் பசலி என்று எண்ணி 590ஐக் கூட்டிவிட்டால் ஒன்பது வருஷம் பின்னால் போய் விழுவீர்கள். சரபோஜி பட்டத்துக்கு வரும் முன்பே அவர் ஆணை போட்டதுபோலத் தோன்றினால், கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.

அதே அரசவை, தன் வம்ச வரலாற்றை 1803இல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டி வைத்தது. கல்லில் அரசர் பெருமை, காகிதத்தில் கத்தரிக்காய் விலை. எங்களுக்குக் கத்தரிக்காய் விலைதான் பிடிக்கிறது.

சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க இங்கே பழைய முறை ஒன்று வழக்கத்தில் உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றை உலர்த்திப் பொடித்து, கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சாகக் கட்டி அலமாரித் தட்டில் வைப்பது. வாசனை போனதும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. முடிச்சைச் சுவடிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், பொடியை ஓலைமேல் தூவினால் கறை படியும். இது பூச்சியை விரட்டுமே தவிர, ஏற்கெனவே உள்ளே துளைத்துக்கொண்டிருக்கும் ராமபாணப் பூச்சியைக் கொல்லாது. நாப்தலின் உருண்டையை மூடிய அறையில் குவிப்பது பூச்சியைவிடப் படிப்பவருக்குத்தான் கெடுதல்.

காய்ந்து விறைத்த ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய். பஞ்சில் ஒன்றிரண்டு சொட்டு, ஓலையின் நீளவாக்கில் ஒரே திசையில் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு நிழலில் ஆறவிட வேண்டும். ஓலை வளையத் தொடங்கும். கீறி எழுதிய ஓலைக்கு மட்டுமே இது. தூரிகையால் மைகொண்டு எழுதியதில் தடவினால் எழுத்து பஞ்சோடு வந்துவிடும். சந்தேகம் இருந்தால் எழுத்தில்லாத ஓரத்துப் புள்ளி ஒன்றில் முதலில் தொட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள், வெள்ளி. புதுக்கோட்டை

தஞ்சையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்து. ஆனால் ஆவணக் கணக்கில் வேறு நாடு. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். ஆகவே எழும்பூரில் இருப்பது சமஸ்தானத்தோடு ஆங்கில அரசு நடத்திய கடிதப் போக்குவரத்துதான். தர்பார் கோப்புகளும் மானிய விசாரணையும் புதுக்கோட்டையிலேயே தங்கின. இங்கே இனாம் செட்டில்மென்ட் தனியாக 1888இல் நடந்தது. 1948க்குப் பிறகு திருச்சி மாவட்டம், 1974இல் தனி மாவட்டம். ஒரே ஊருக்கு மூன்று தலைப்பு.

இங்கே கோப்பின் மேலட்டையில் உள்ள எழுத்தைக் கவனிக்கச் சொல்லலாம். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். நி.மு. என்றால் நிரந்தரம், ப.மு. பத்தாண்டு, மூ.மு. மூன்றாண்டு; ஓ.மு. ஓராண்டு. அந்த இரண்டெழுத்தைப் போடுகிறவர் பிரிவு எழுத்தர். ஊர்க் குளத்துத் தகராறும், தெருப் பெயர் மாற்றமும், கூத்துக்கு அனுமதி கேட்ட மனுவும் பெரும்பாலும் மூ.மு.வில் போய்விடுகின்றன. பின்னாளில் வரலாற்றுக்காரர் ஏங்குவது அதற்குத்தான். ஊர் வரலாறு எழுத நினைப்பவர்கள், நடப்புக் கோப்பில் தங்களுக்கு வந்த பதில் கடிதத்தையாவது பத்திரப்படுத்தட்டும். அலுவலகப் பிரதி நிற்காது.

ஆறாம் நாள், சனி. காரைக்குடிக்குத் தெற்கே ஓர் ஊர்

அலுவலகங்களுக்கு விடுமுறை, வீடுகளுக்கு இல்லை. இந்தப் பக்கம் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிக்கொண்டே தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது.

இன்று பார்ப்பது பெயர் சொல்ல வேண்டாத ஒரு வீட்டின் பரண். அரிசிச் சாக்கில் மூன்று: ஓர் ஓலைக்கட்டு, துணியில் சுற்றிய பத்திரங்கள், நீள வாக்கில் தைத்த பேரேடுகள்.

சாக்கைக் கீழே இறக்கும் முன் முகக்கவசம், அதுவும் துணியல்ல, என்95. பழைய கட்டுகளில் வெள்ளைப் பொடி இருந்தால் சுண்ணாம்பு என்று நினைக்கக் கூடாது, டி.டி.டி. அல்லது கேமாக்ஸின் என்ற பூச்சிக்கொல்லியாக இருக்கலாம். கட்டை அவிழ்க்கும் முன்பே, இருக்கிறபடி நான்கு பக்கமும் படம். எந்தத் தாள் எதற்குள் மடித்திருந்தது என்பதும் தகவல்தான். கிரயப் பத்திரத்துக்குள் செருகியிருந்த துண்டுச் சீட்டைத் தனியே எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிவிட்டால், அந்தச் சீட்டு எந்த விவகாரத்துக்கானது என்பதை யாராலும் சொல்ல முடியாது. நல்ல மனசோடு சுத்தம் செய்தவர்கள் அழித்தது, கரையான் அழித்ததைவிடக் குறைவல்ல.

ஓலைக்கட்டில் மரச்சட்டம் இரண்டு, ஓரத் துளையில் நாராசம் (ஓலைகளைக் கோக்கும் குச்சி), கயிற்று முனையில் ஓலைக் கிளிமூக்கு (கயிறு உருவாமல் தடுக்கும் துண்டு). கயிறு மக்கியிருந்ததால் அவிழ்க்காமல் வெட்ட வேண்டியிருந்தது. நடுவில் ஏழெட்டு ஓலை ஒன்றோடொன்று ஒட்டி அட்டைபோல் இருந்தன. கத்தி போட்டுப் பிரிக்கக் கூடாது. மூடி உள்ள பெட்டியில், ஈரத் துணிக்கு மேல் கம்பிவலை வைத்து, வலைமேல் ஓலையை வைத்து, ஓரிரு நாள் ஈரக்காற்று படவிட்டு, பிறகு மெல்லிய எலும்புத் தகட்டால் ஓரத்திலிருந்து தளர்த்த வேண்டும். அதற்கு மேல் பெட்டியில் விட்டால் பூஞ்சை. ஒரு நாள் பயணத்தில் முடிகிற வேலை இல்லை; அந்த அட்டையை அப்படியே காகிதத்தில் சுற்றி, ‘பிரிக்கவில்லை’ என்று எழுதி வைத்தாயிற்று.

மற்ற ஓலைகளின் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண். ௧௰௨ அல்ல, ௰௨ என்றால்தான் பன்னிரண்டு, சுழியம் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். நிலக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. தேதியும் பற்று வரவும் குறிகளாக வரும்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இந்த ஆறு குறி பழகிவிட்டால் பேரேட்டில் பாதி படித்த மாதிரி.

ஒரு பத்திரத்தில் துன்மதி வருஷம் ஆவணி என்று மட்டும் இருந்தது. அறுபது வருஷச் சுழற்சியில் அது 1741, 1801, 1861, 1921 எதுவாகவும் இருக்கலாம். எழுதியது முத்திரைத்தாளில், முத்திரை ராணியுடையது, கும்பினியுடையது அல்ல. ஆகவே 1858க்கு முன் இல்லை. பின்பக்கம் பார்த்தால் சப்-ரிஜிஸ்திரார் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகங்கள் வந்தது 1860களின் நடுவில். 1861 என்று பென்சிலில் அடைப்புக்குறிக்குள் எழுதி, எதனால் என்பதையும் பக்கத்திலேயே எழுதலாம். காரணம் எழுதாத தேதியை அடுத்தவர் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அதே பத்திரத்தில் எழுத்தின் வடிவத்திலேயே சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சி அல்ல. கடுக்காயும் அன்னபேதியும் (இரும்புச் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சிய மை, நாளடைவில் தாளையே தின்றிருக்கிறது. இப்படிப்பட்ட தாளில் ஈரம் படவே கூடாது. நனைந்தால் அரிப்பு எழுத்தைத் தாண்டிப் பரவும். மடிப்பை நிமிர்த்த நீர் தெளிக்கிற வழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். இன்னொன்றில் மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப். ஒட்டு மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டது. வீட்டில் யாரும் உரிக்க முயல வேண்டாம். புதுக் கிழிசல் என்றால் ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் கெட்டியாகித் தெரியும்), கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டலாம். ஒரு பங்கு மாச்சத்துக்கு ஐந்து பங்கு நீர், சிறு தீயில் அரைமணி கிண்டி, ஆறியதும் துணியில் வடிகட்டி, தயிர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், எனவே வேண்டிய அளவு மட்டும்.

பேரேடுகள் பர்மாவின் ரங்கூனில் நடந்த தொழிலின் கணக்கு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு வரவு. இடையில் மடித்த சம்பளச் சீட்டு ஒன்று: மூன்று வருஷத்துக்கு இன்ன சம்பளத்துக்கு இன்னாரை அனுப்புகிறோம் என்று. அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு அதே பக்கத்தில் திருப்பி வைத்தோம்.

படமெடுக்கக் கேமரா இல்லாத வீட்டில் கைப்பேசி போதுமா என்று கேட்கிறார்கள். 12 மெகாபிக்சல் என்றால் ஏ4 தாள் சட்டம் நிறைய வரும்போது ஓர் அங்குலத்துக்கு 340 புள்ளி கிடைக்கும், போதும். ஏ3 அளவுப் பேரேட்டை விரித்து ஒரே படமாக எடுத்தால் 240க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னலோரம், ஃப்ளாஷ் இல்லாமல், அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு நாற்காலிக்கு நடுவே பலகை போட்டு அதன்மேல் கைப்பேசியைப் படுக்கவைத்து. வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் விட்டுப்போனதா, காலியாகவே இருந்ததா என்று பின்னால் தெரியாது. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்பவும்.

மாலையில், பூச்சித் துளை புதிதாகத் தெரிந்த ஒரு பேரேட்டை மட்டும் இரட்டைப் பாலித்தீன் பையில் காற்றெடுத்து ஒட்டி, பக்கத்துக் கடைக்காரர் ஆழ்உறைவுப் பெட்டியில் இடம் கேட்டு வாங்கி வைத்தாயிற்று: மைனஸ் 18 பாகை, மூன்று வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் விட வேண்டும், இல்லையென்றால் வேர்த்துவிடும். மற்றவை சாக்குக்குத் திரும்பவில்லை. வெள்ளைப் பருத்தித் துணி, அதன்மேல் அட்டைப்பெட்டி, பரணுக்குப் பதில் நடுக்கட்டு அலமாரியின் இரண்டாம் தட்டு; வெளிச்சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி. பெட்டிமேல் பென்சிலில் எழுதியது இவ்வளவுதான்: ஓலை 1 கட்டு, 94 ஏடு, ஏழெட்டு பிரிக்கவில்லை, பத்திரம் 31, பேரேடு 6, ஒன்று கடை உறைபெட்டியில்.